தியானத்திற்கு உரிய இருக்கை

'ஆசனம்' என்னும் வடசொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. அமர்ந்திருக்கும் நிலை ஒன்று. எதன்மீது அமர்கிறோமோ அந்த இருக்கை மற்றொன்று. இன்று ஆசனம் என்றதும் உடலை வளைத்தும் நிமிர்த்தியும் செய்யும் பயிற்சிகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் பகவத்கீதையின் 6-ஆம் அத்தியாயம் தியான யோகத்தை விளக்கப் புகும்போது முதலில் எடுத்துக்கொள்வது இரண்டாவது பொருளையே. மனத்தை ஒருமுகப்படுத்தும் முறையைச் சொல்வதற்கு முன்னால், எத்தகைய இடத்தில், எதன்மீது, எவ்வளவு உயரத்தில் அமர வேண்டும் என்பதை 11-ஆம் சுலோகத்தில் பகவான் வரையறுக்கிறார். இடம் தூயதாக இருக்க வேண்டும். இருக்கை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மிகுந்த உயரமும் கூடாது, மிகுந்த தாழ்வும் கூடாது. தர்ப்பை, தோல், துணி ஆகியவற்றால் அது அமைய வேண்டும்.

ஆன்ம விடுதலையைப் பேசும் நூல் புல்லையும் துணியையும் பற்றிக் கவலைப்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தியானத்தில் சில மாதங்களேனும் அமர்ந்து பார்த்தவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இராது. எந்த நகரத்திலும், எந்தச் சத்சங்கக் கூடத்திலும் காணக்கூடிய காட்சி இது: அறுபது வயதைக் கடந்த அன்பர் ஒருவர் மெல்லிய ஜமுக்காளத்தின்மீது சப்பணமிட்டு அமர்கிறார். ஐந்து நிமிடங்களில் முதுகு வளைகிறது. பத்து நிமிடங்களில் ஒரு கால் மரத்துப்போகிறது. இறைவனை நினைக்க அமர்ந்தவர் முழங்காலை நினைத்துக்கொண்டிருக்கிறார். சில வாரங்கள் இவ்வாறு போராடிய பிறகு, 'தியானம் நமக்கு வாய்க்காது; நாமஜபத்தோடு நிறுத்திக்கொள்வோம்' என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். நாமஜபம் உயர்ந்த சாதனையே. ஆயினும் அவர் தியானத்தைக் கைவிட்டதற்குக் காரணம் மனத்தின் சஞ்சலம் அன்று. இருக்கையில் மூன்று அங்குல உயரம் குறைந்ததே காரணம். இந்தச் சிறிய குறையால் சாதனையை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

சாஸ்திரங்களின் நோக்கு

பிரம்மசூத்திரத்தின் 4-ஆம் அத்தியாயம், முதல் பாதத்தில் 7 முதல் 10 வரையுள்ள சூத்திரங்கள் ஒரு சுவையான கேள்வியை எடுத்துக்கொள்கின்றன. உபாசனை என்பது மனத்தின் செயல். அப்படியானால் உடல் நின்றால் என்ன, நடந்தால் என்ன, படுத்தால்தான் என்ன? இதற்குச் சங்கரர் தம் உரையில் தரும் விளக்கம் முற்றிலும் அனுபவத்தை ஒட்டியது. நடப்பவனின் மனம் நடையில் சிதறுகிறது. நிற்பவனின் மனம் உடலைத் தாங்கிப் பிடிப்பதில் ஈடுபட்டுவிடுகிறது. படுத்திருப்பவனை உறக்கம் திடீரென ஆட்கொள்கிறது. எனவே அமர்ந்தே உபாசனை செய்ய வேண்டும்.

இதை அடுத்து வரும் 11-ஆம் சூத்திரம் இன்னும் முக்கியமானது. எந்தத் திசை, எந்த இடம், எந்த நேரம் என்ற கேள்விக்கு, எங்கே மனம் ஒருமுகப்படுகிறதோ அங்கே அமரலாம். தனியான விதி எதுவும் இல்லை என்று அது விடை கூறுகிறது. இவற்றில் விதியை நிர்ணயிப்பது பயன் ஒன்றே என்பது சங்கரர் கருத்து. வேள்விச் சடங்குகளில் திசை மாறினால் பலன் மாறும் என்று கூறப்படுவதுபோல் இங்கு இல்லை. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த அளவுகோலையே சாதகர் கைக்கொள்ளலாம். உடலை மறக்க உதவும் இருக்கை நல்ல இருக்கை. உடலையே நினைவூட்டிக்கொண்டிருக்கும் இருக்கை, எவ்வளவு புனிதமான பொருளால் செய்யப்பட்டதாயினும், மாற்றப்பட வேண்டியது.

பதஞ்சலி முனிவரும் யோகசூத்திரத்தில் (2:46) ஆசனத்திற்கு இரண்டே இலக்கணங்களைத் தருகிறார்: ஸ்திரம், சுகம். இன்ன வடிவில் அமர வேண்டும் என்று அவர் குறிப்பிடவே இல்லை. அடுத்த சூத்திரத்தில் அவர் கூறும் வழியும் கவனிக்கத்தக்கது. முயற்சியைத் தளர்த்துவதாலும், மனத்தை அனந்தத்தில் தோய்ப்பதாலும் ஆசனம் கைகூடும் என்கிறார் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்து அமர்ந்திருப்பது இந்த இலக்கணப்படி ஆசனமே ஆகாது. அங்கே ஸ்திரம் இருப்பதாகத் தோன்றலாம், சுகம் இல்லை. முயற்சி தளரவும் இல்லை.

இந்தச் சூத்திரத்திற்கு வியாசர் எழுதிய பாஷ்யத்தில் பத்மாசனம், வீராசனம், ஸ்வஸ்திகம் எனப் பல ஆசனங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் 'ஸோபாச்ரயம்' என்று ஒன்று வருகிறது. ஆதாரத்துடன் கூடியது என்பது அதன் பொருள். யோகபட்டம் என்னும் துணிப்பட்டையின் துணையோடு அமர்வதே அது என்று வாசஸ்பதி மிச்ரர் விளக்குகிறார். முதுகையும் முழங்கால்களையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இந்தப் பட்டை உடலின் பாரத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறது; சாதகர் தசைகளை இறுக்காமலே நிமிர்ந்து அமர முடிகிறது. சபரிமலை ஐயப்பனின் திருவுருவத்தில் முழங்கால்களைச் சுற்றியுள்ள பட்டையை அறியாத தமிழர் இல்லை. ஹம்பியில் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1528-ஆம் ஆண்டில், ஒரே பாறையில் செதுக்கப்பட்ட பேருருவ நரசிம்மரின் முழங்கால்களையும் இத்தகைய பட்டையே இணைக்கிறது. யோக நிலையில் வீற்றிருக்கும் தெய்வத்தின் திருமேனியிலேயே ஆதாரம் இடம்பெற்றிருக்க, மூட்டு வலியால் அவதிப்படும் முதியவர் ஒரு திண்டை வைத்துக்கொள்ளக் கூச்சப்படுவதற்கு என்ன இருக்கிறது?

திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்களை எண்ணும்போது பத்மாசனம், வீராசனம் முதலியவற்றின் வரிசையிலேயே சுகாசனத்தையும் வைக்கிறார். எளிதாக அமர்வது தாழ்ந்த படி என்ற எண்ணம் நூல்களிலிருந்து வந்தது அன்று. யோகத்தைக் காட்சிப் பொருளாகக் காணும் பிற்காலப் பழக்கத்திலிருந்து வந்ததாகவே அதைக் கொள்ள வேண்டும்.

தர்ப்பை, தோல், துணி

கீதை கூறும் மூன்று பொருள்களையும் சுலோகத்தில் வரும் வரிசைக்கு நேர்மாறாக அடுக்க வேண்டும் என்று சங்கரர் குறிப்பிடுகிறார். அடியில் தர்ப்பை, அதன்மேல் தோல், எல்லாவற்றுக்கும் மேலே துணி. சாணம் மெழுகிய மண் தரையில் இந்த அடுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பார்க்கலாம். உலர்ந்த புல் தரையின் ஈரத்தை மேலே விடாமல் தடுக்கிறது. சற்றே மீள்தன்மையும் தருகிறது. தோல் குளிரைத் தடுக்கிறது. துணி உடலை உறுத்தாமல் மென்மையாக இருக்கிறது. துவைத்துத் தூய்மைப்படுத்தவும் ஏற்றது. சித்தார்த்தர் போதிமரத்தடியில் அமர்ந்தபோது, புல்லறுக்கும் எளியவர் ஒருவர் அளித்த புல்லைப் பரப்பியே அமர்ந்தார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. அந்த இடத்தில் இன்று காணப்படும் கற்பலகை அசோகர் காலத்தது எனக் கருதப்படுகிறது. உலகம் வணங்கும் வஜ்ராசனத்தின் தொடக்கம் சில பிடி புல்!

மான்தோல், புலித்தோல் ஆகியவற்றைத் தேடி வாங்க இன்று எவரும் முயலக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் வணிகத்தைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அகிம்சையை முதல் யமமாகக் கொண்ட யோக நெறியில், தியானத்துக்காக ஓர் உயிர் கொல்லப்படுவது எப்படிப் பொருந்தும்? தோலின் இடத்தைக் கம்பளி நெடுங்காலமாகவே நிரப்பி வந்திருக்கிறது. நான்காக மடித்த ஒரு கம்பளியும், அதன்மேல் வெண்மையான பருத்தித் துணியும் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடியவை. டில்லியிலோ சண்டிகரிலோ மார்கழி மாதத்தில் பளிங்குத் தரையில் அமர்பவருக்குக் கம்பளி இன்றியமையாதது. மும்பையிலும் சென்னையிலும் வேனிற்காலத்தில் அது வியர்வையை மிகுவித்து அரிப்பைத் தரும். அங்கே கோரைப்பாயும் பருத்தி விரிப்பும் போதும்.

இக்காலத்து வீடுகளில் பளபளப்பான ஓடுகள் பதித்த தரையில் மற்றொரு இடர் உண்டு. இருக்கை சிறிது சிறிதாக முன்னோக்கி வழுக்குகிறது. அமர்ந்தவர் அறியாமலே தொடைத் தசைகளால் அதைத் தடுத்துக்கொண்டிருப்பார். கீதை 'ஸ்திரம்' என்று கூறியது இருக்கைக்கே என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். அடியில் தேங்காய் நார்ப்பாய் போன்ற சொரசொரப்பான ஒன்றை விரித்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எவ்வளவு உயரம்?

கீதை வரையறுக்கும் நடுநிலை உயரத்திற்கு உரையாசிரியர்கள் பல காரணங்கள் கூறியிருக்கிறார்கள். உயரமான இருக்கையிலிருந்து விழ நேரலாம், தாழ்ந்த இருக்கையில் குளிரும் பூச்சிகளும் துன்புறுத்தலாம் என்பன போன்றவை அவை. உடலமைப்பை ஒட்டிய காரணம் ஒன்றும் உண்டு. சற்று விரிவாக அறியவேண்டியது இதுவே.

சமதரையில் சப்பணமிட்டு அமரும் பலருக்கு முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் நிற்கின்றன. அப்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் இயல்பாக உள்ள உள்வளைவு மறைந்து, முதுகு வில்போல் வெளியே வளைகிறது. தலை முன்னே தொங்குகிறது. அதை நிமிர்த்த முதுகுத் தசைகள் இடைவிடாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. சிறிது நேரத்தில் அவை களைத்துவிடுகின்றன. மார்பும் கழுத்தும் தலையும் நேராக இருக்க வேண்டும் என்று சுவேதாசுவதர உபநிஷதமும் கீதையும் கூறுகின்றன. 1896-இல் வெளியான ராஜயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தரும் இதையே வலியுறுத்தினார். அவரவருக்கு எளிதான ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கலாம், முதுகெலும்பு மட்டும் தடையின்றி நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் அளித்த அறிவுரை. முதுகை மட்டும் விறைப்பாக நிமிர்த்தி இதைச் சாதிக்க முடியாது. அடித்தளமாகிய இடுப்பு சரியாக இருந்தால் முதுகு தானே நிமிரும்.

பிட்டத்தின் அடியில் மட்டும் உயரத்தைக் கூட்டி, கால்களைத் தாழ விட்டால் இடுப்பெலும்பு சற்றே முன்னோக்கிச் சாய்கிறது. முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்து தரையைத் தொடுகின்றன. இரண்டு முழங்கால்களும் பிட்டமும் சேர்ந்து மூன்று ஊன்றுகோள்களாக உடலைத் தாங்குகின்றன. முக்காலி ஆடுவதில்லை அல்லவா? ஜப்பானிய ஜென் மடங்களில் துறவியர் அகன்ற விரிப்பின்மீது உருண்டையான சிறு திண்டு ஒன்றை வைத்து அதன் முன்பாதியில் மட்டும் அமர்வதும் இதற்காகவே. அந்தத் திண்டில் பழங்காலந்தொட்டு அடைத்துவரும் பொருள்களில் ஒன்று தமிழர் நன்கறிந்த இலவம்பஞ்சு.

எத்தனை அங்குலம் என்பதை ஒருவருக்காக மற்றொருவர் சொல்ல இயலாது. இளமையும் நெகிழ்வும் உடையவருக்கு இரண்டு அங்குலம் போதும். நாற்காலியிலேயே வேலை செய்து பழகியவருக்கு ஐந்து, ஆறு அங்குலம்கூடத் தேவைப்படலாம். வீட்டிலுள்ள கெட்டியான போர்வை ஒன்றை மடித்து அதன் விளிம்பில் அமர்ந்து பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு மடிப்பாகக் கூட்ட வேண்டும். முழங்கால்கள் தாமே கீழே இறங்கி, அடிமுதுகு முயற்சியின்றி நிமிரும் உயரம் ஒன்று புலப்படும். அதற்கு மேலும் கூட்டினால் உடல் முன்னால் வழிவதுபோல் தோன்றும், அடிமுதுகு மிகையாக உள்வளைந்து வலிக்கும்; அப்போது ஒரு மடிப்பைக் குறைக்க வேண்டும். கால்மணி நேரம் அமர்ந்து பார்த்தே முடிவு செய்வது நல்லது. கடையில் ஒரு நிமிடம் அமர்ந்து பார்த்து வாங்கிய திண்டு அரைமணி நேரத்தில் தன் குறையைக் காட்டும். உயரம் தெரிந்த பிறகு அந்த அளவில் ஒரு திண்டு தைத்துக்கொள்ளலாம். 'தியான இருக்கை' என்ற பெயரில் பெருவிலைக்கு விற்கப்படுபவற்றில் மடித்த கம்பளியில் இல்லாத மகிமை எதுவும் இல்லை.

திண்டு கெட்டியாக இருக்க வேண்டும். மென்மையான ரப்பர் நுரை அமர்ந்தவுடன் அமுங்கி, நான்கு அங்குலத் திண்டு ஒன்றரை அங்குலமாகிவிடும். மேலும் அது பக்கவாட்டில் ஆடும். இலவம்பஞ்சையோ பருத்திப் பஞ்சையோ நெருக்கமாக அடைத்துத் தைப்பதே மேல்.

இவ்வளவு செய்தும் ஒரு முழங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் அதன் அடியில் சிறு துணி மடிப்பு ஒன்றை வைக்க வேண்டும். கையால் அழுத்தி முழங்காலைத் தாழ்த்த முயல்வது பெருந்தவறு. முழங்கால் பெரும்பாலும் கதவின் கீல்போல மடங்கி நிமிரும் மூட்டு. திருகுவதற்கு அதில் மிகக் குறைந்த இடமே உண்டு. பத்மாசனத்திற்குத் தேவையான திருப்பம் தொடையின் மேல்மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டு இறுகியிருக்கும்போது பாதத்தை வலிந்து தொடைமேல் ஏற்றினால், திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கி, அதனுள் மெத்தைபோல் அமைந்துள்ள குருத்தெலும்பைக் கிழித்துவிடக்கூடும். ஆர்வத்தால் இவ்வாறு முழங்காலைக் கெடுத்துக்கொண்ட இளைஞர்களும் இருக்கிறார்கள். முழங்காலில் கூர்மையான வலி தோன்றினால் அது தவம் அன்று, எச்சரிக்கை.

நாற்காலியில் தியானம்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இடுப்பு எலும்பில் நோய் உள்ளவர்கள், மிகுந்த முதுமை அடைந்தவர்கள் தரையில் அமரவே வேண்டியதில்லை. மருத்துவர் தரையில் அமரக் கூடாது என்று கூறியிருந்தால் அதை மீறுவது பக்தியின் அடையாளம் ஆகாது. கைப்பிடி இல்லாத, அமரும் பலகை தட்டையாகவும் உறுதியாகவும் உள்ள மர நாற்காலி மிகவும் ஏற்றது. நடுவில் குழிந்த பிளாஸ்டிக் நாற்காலியும், உடலை விழுங்கிக்கொள்ளும் சோபாவும் ஏற்றவை அல்ல. கூடுமானவரை முதுகைச் சாய்க்காமல் சற்று முன்னால் அமர்வது நல்லது. இயலாதவர் இடுப்பின் பின்புறம் சிறிய தலையணை ஒன்றை வைத்து நிமிர்ந்தபடியே சாய்ந்துகொள்ளலாம். பாதங்கள் இரண்டும் முழுமையாகத் தரையில் பதிந்திருக்க வேண்டும். நாற்காலிகள் பொதுவாக 17, 18 அங்குல உயரத்தில் செய்யப்படுகின்றன. குட்டையான உடல்வாகு கொண்ட பெண்மணிகள் பலருக்கு அவ்வுயரத்தில் பாதம் தரையை எட்டுவதில்லை. தொங்கும் கால்களின் பாரம் தொடையின் அடிப்பகுதியை நாற்காலி விளிம்பில் அழுத்தி, கால்களை மரக்கச் செய்கிறது. பாதத்தின் அடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டால் போதும். அதன்மேல் சிறு கம்பளித் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் குளிரும் தாக்காது.

சத்சங்கக் கூடங்களை நடத்தும் அன்பர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாற்காலிகளைக் கூடத்தின் கடைசியில், செருப்புகள் கழற்றும் வாயிலருகே வரிசையாகப் போட்டுவைக்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. அங்கே அமர்பவர் தாம் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறார்; அதைத் தவிர்க்கவே வலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் அமர்கிறார், அல்லது வருவதையே நிறுத்திவிடுகிறார். இருபுறச் சுவர்களையும் ஒட்டி, சந்நிதி நன்கு தெரியும்படி நாற்காலிகளைப் போடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. கூடத்தின் மூலையில் பத்துத் திண்டுகளும் சில கம்பளிகளும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இருந்தால், முதல் முறை வருபவர்கூடக் கேட்கத் தயங்கமாட்டார்.

சுகத்தின் எல்லை

சுகம் என்றதும் மெத்தையில் சாய்ந்துகொள்ளலாம் என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர், லயத்தில் ஆழும் மனத்தை எழுப்ப வேண்டும், சிதறும் மனத்தை அடக்க வேண்டும் என்று இரு இடையூறுகளுக்கும் தனித்தனி மருந்து கூறுகிறார். இருக்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உறுத்தும் இருக்கை மனத்தைச் சிதறச் செய்கிறது; மிக மென்மையான இருக்கை உறக்கத்தில் ஆழ்த்துகிறது. காலை தியானத்தில் நாள்தோறும் தலை தொங்குமானால், போதிய உறக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இருக்கையைச் சற்றுக் கெட்டியாகவும் உயரமாகவும் மாற்றிப் பார்க்கலாம். கட்டிலின்மேல் அமர்ந்து தியானிக்கும் வழக்கத்தையும், நோயாளிகள் தவிர, மற்றவர்கள் விட்டுவிடுவதே நல்லது. மெத்தை எல்லாப் பக்கமும் அமுங்குகிறது. மனமும் அந்த இடத்தை உறக்கத்தோடு சேர்த்தே பழகியிருக்கிறது.

மகான்கள் இவற்றையெல்லாம் பார்த்தார்களா என்று சிலர் கேட்பதுண்டு. 1892 டிசம்பரில் குமரிமுனைக்கு அப்பால் கடல் நடுவே பாறைமீது சுவாமி விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்தார். அதற்கும் முன்பு ஒருநாள் கிரீஷ் சந்திர கோஷுடன் அவர் மரத்தடியில் தியானத்திற்கு அமர்ந்ததையும் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கொசுக்கடி தாளாமல் கிரீஷ் கண் திறந்தபோது, நரேந்திரரின் உடலைக் கொசுக்கள் போர்வைபோல் மூடியிருந்தன. அவரோ அதை உணரவே இல்லை. உடல் மறந்த நிலையின் விளைவு அது. அந்த விளைவை மட்டும் பார்த்து, கொசுவலையைக் கழற்றிவிட்டு அமர்பவருக்குக் கொசுக்கடிதான் மிஞ்சும். வெப்பமும் குளிரும் போன்ற இரட்டைகள் தாக்காத நிலையைப் பதஞ்சலி முனிவர் ஆசனத்தின் பலனாகவே (2:48) கூறுகிறார். தொடக்கத்திலேயே இருக்க வேண்டிய தகுதியாகக் கூறவில்லை.

எழுந்திருக்கும்போது

கால் மரத்துப்போவதை இரத்த ஓட்டம் நின்றுவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் நரம்பு ஒன்று அழுத்தப்படுவதே காரணம். இருக்கையின் கூரிய விளிம்பு தொடையில் அழுந்துகிறதா, ஒரு காலின் எலும்பு மறுகாலின்மேல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்காமல் ஒன்றன்முன் ஒன்றாகத் தரையில் வைப்பது எளிய வழி. நாள்தோறும் எந்தக் கால் முன்னால் என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். இவற்றைச் செய்தும் மரப்பு நீங்காவிட்டாலும், எழுந்த பிறகு நெடுநேரம் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மரத்த காலுடன் உடனே எழுந்து நிற்கக் கூடாது. பாதம் தரையை உணராததால் கணுக்கால் மடங்கி விழ நேரும்; முதியோர்க்கு அது எலும்பு முறிவில் முடியலாம். தியானம் முடிந்ததும் கண்களைத் திறந்து, கால்களை மெல்ல நீட்டி, விரல்களை அசைத்து, உணர்ச்சி முழுவதும் திரும்பிய பின்னரே எழ வேண்டும். அருகில் ஒரு முக்காலியோ சுவரோ இருந்தால் பிடித்துக்கொண்டு எழலாம்.

கீதை இருக்கையைப் பற்றிக் கூறும்போது 'தன்னுடைய' என்ற சொல்லையும் சேர்க்கிறது. பிறருடைய இருக்கையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உரைகளில் இதற்குப் பொருள் கூறுவதுண்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் துணியாவது இருப்பது தூய்மைக்கும் உகந்தது. உயரமும் ஒருவருக்கொருவர் மாறுபடும் அல்லவா? மேல்துணியை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். இலவம்பஞ்சுத் திண்டை நனைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் இருபுறமும் காய வைத்துத் தட்டி எடுத்தால் போதும். நாளடைவில் பஞ்சு அமுங்கி உயரம் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை தையலைப் பிரித்துச் சிறிது பஞ்சைக் கூடுதலாக அடைத்துக்கொள்ளலாம்.